இன்றைய தப்பு

ஜூலை 7, திங்கள்

இது 2023-ஆம் வருஷத்து டைரி. இன்சூரன்ஸ்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. இவ்வளவு நாளும் அரிசி டப்பாவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது ஹிதாயத்துல்லா சார். சமுதாயக் கல்லூரியில் உணவக மேலாண்மைப் படிப்புக்கு அவர்தான் ஆசிரியர். இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவராம். இன்று முதல் நாள், கரண்டியைத் தொடவே விடவில்லை.

“கப்பல்ல தெனமும் லாக் புக் எழுதுவோம். நீங்களும் எழுதணும். என்ன சமைச்சோம்னு எழுத வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். கிச்சன்ல இன்னைக்கு என்ன தப்பு நடந்துச்சுன்னு எழுதுங்க. என்ட்ட காட்ட வேண்டாம். யார்ட்டயும் காட்ட வேண்டாம்.”

பதினெட்டுப் பேர் இருக்கிறோம். நாற்பத்தொரு வயதில் நான்தான் மூத்தவள். பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜெபக்கனி, இருபத்தாறு வயது. அவள் அப்பா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர், இவளும் கூடவே போய் அண்டா கிண்டி வளர்ந்தவள். வாய் சும்மா இருக்காது.

இன்றைய தப்பு: ஜெபக்கனி கை கழுவிவிட்டுச் சேலை முந்தானையில் துடைத்தாள். சார் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

மாட்டிக்கொண்டேன். வகுப்பில் ஒரு பையனின் அண்ணன் என் மெஸ்ஸில் சாப்பிட்டவனாம். “சந்தனமாரி அக்கான்னா சும்மாவா? துறைமுகத்து ஆளுங்க லைன்ல நின்னு சாப்பிடுவாங்க சார்” என்று ஊதிவிட்டான். உடனே பதினேழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏங்கா நிறுத்திட்டீய?” என்று ஜெபக்கனி கேட்டாள்.

“காஸ் விலை ஏறிப்போச்சு” என்றேன். நாலு வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். காஸ் விலை ஏறியதும் உண்மைதான்.

இந்தப் படிப்பில் ஏன் சேர்ந்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். ஆறு மாதம் வகுப்பு, அடுத்த ஆறு மாதம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பயிற்சி, அது முடிந்தால் அங்கேயே சூப்பர்வைசர் வேலை கிடைக்க வாய்ப்பு. சூப்பர்வைசர் சமைக்க வேண்டியதில்லை, மேற்பார்வை பார்த்தால் போதும். அதற்குத்தான் சேர்ந்தேன். சமையலறைச் சத்தம் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இன்றைய தப்பு: வாயைக் கட்டாத அந்தப் பையன்.

ஜூலை 18, வெள்ளி

தராசு வந்துவிட்டது. எலெக்ட்ரானிக் தராசு, ஒரு கிராம் வைத்தாலும் காட்டுகிறது. இனி எதையும் கைக்கணக்கில் போடக் கூடாதாம். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு அட்டை. ஐம்பது பேருக்கு என்றால் பருப்பு இத்தனை, புளி இத்தனை, உப்பு இத்தனை. நூறு பேர் என்றால் பெருக்கிக்கொள்ள வேண்டியது. யார் சமைத்தாலும் ஒரே ருசி வரும்.

வகுப்பு முழுக்கப் புலம்பல். ஜெபக்கனிக்குத்தான் ஆத்திரம் அதிகம். “எங்கப்பா ஆயிரம் பேருக்குக் கையால அள்ளிப் போடுவாவ சார். உப்பை நிறுத்துப் போட இதென்ன நகைக்கடையா?”

எனக்கு மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் இசக்கிராஜாவுக்கு எடைமேடையில் வேலை. லாரி லாரியாக உப்பை நிறுத்து அனுப்புகிறவர். “நீ கிராமு, நான் டன்னு” என்று சிரித்தார்.

இன்றைய தப்பு எதுவும் இல்லை. தராசு தப்புப் பண்ணாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா, ஊருக்கே விடுமுறை. வீட்டில் இருந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அபிஷா உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள். பதினொன்றாவது படிக்கிறாள், புத்தகத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“எம்மா, பால் தீயுது! வீடே நாறுது, பக்கத்துலதான இருக்க?”

சளி என்றேன். எனக்கு அடிக்கடி சளி பிடிக்கும்.

மத்தியானம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிடக் கூப்பிடுவதற்கு முன்பே அபிஷா அடுக்களைக்குள் நுழைந்துவிட்டாள். கேட்டால் தண்ணீர் குடிக்கவாம். இவளுக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் தாகமே எடுக்கும். பிறகு அவர் வந்து, “நீ உக்காரு மாரி, நான் எடுத்து வைக்கேன்” என்று சட்டியைத் தூக்கினார். எங்கள் தெருவில் எந்த ஆம்பிளை குழம்புச் சட்டி தூக்குகிறான்? பக்கத்து வீட்டு மதினிக்கு என் மேல் அதில்தான் பொறாமை.

இருவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

புதிதாக ஒரு நோட்டு. ருசிப் பதிவேடு. சாப்பாடு பரிமாறப் போவதற்கு முன் ஒருவர் ருசி பார்த்து, நேரம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகு பாத்திரத்தை யாரும் தொடக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் குற்றம்.

சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

“இங்க சாமி இல்லம்மா, கஸ்டமருதான். அவுங்களுக்கு நாமதான் முதல்ல சாப்பிட்டுக் காட்டணும்” என்றார் சார்.

ஜெபக்கனி ருசி பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

செப்டம்பர் 3, புதன்

வகுப்பில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று ஆகிவிட்டது. ரசமோ பாயாசமோ, “அக்காட்ட காட்டு, அக்கா சரின்னா சரி” என்று கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வருகிறார்கள். நான் உடனே வாயில் வைப்பதில்லை. “நீ முதல்ல குடி” என்பேன். குடிக்கும்போது முகத்தைப் பார்ப்பேன். புருவம் ஏறினால் உப்பு அதிகம். கன்னம் உள்ளே போனால் புளிப்பு. ஒன்றும் ஆகாமல் அடுத்த வாய் குடித்தால் சரி. பிறகு நானும் ஒரு கரண்டி குடித்துவிட்டு, “உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கோ” என்பேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

வீட்டிலும் இப்போது நிறுத்துத்தான் போடுகிறேன். அவர் ஒரு பழைய தராசு கொண்டுவந்து கொடுத்தார். நேற்று அபிஷா, “எம்மா, இப்பல்லாம் கொழம்பு நல்லாருக்கு” என்றாள்.

இப்பல்லாம் என்றால்? கேட்டதற்கு, சும்மா சொன்னேன் என்று ஓடிவிட்டாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கல்லூரியில் மகளிர் குழுக்களின் கூட்டம். நூற்றைம்பது பேருக்கு மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. சாம்பார் எனக்கும் ஜெபக்கனிக்கும் விழுந்தது.

அட்டைப்படி பருப்பு மூன்றரைக் கிலோ, உப்பு இருநூற்று எழுபது கிராம். ஒன்பதரைக்கு ஜெபக்கனி பருப்பை ஏற்றினாள். இன்றைக்கென்று பருப்பு வேகவே மாட்டேன் என்றது. கடைக்காரன் பழைய பருப்பைத் தள்ளிவிட்டான் போல. பத்தே முக்காலுக்குத்தான் மசிந்தது. காய் சேர்த்து, புளி விட்டு, உப்பை நிறுத்து என் கையால் போட்டேன். பதினொன்றரைக்கு அனுப்பியாக வேண்டும். ஜெபக்கனி அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள். மற்ற எல்லோரும் சோறு வடிப்பதில் இருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை.

ருசி பார்த்தேன். சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாப்பாட்டுக்கூடத்துக்கு அண்டாவைத் தூக்கிப் போனது ஜெபக்கனிதான்.

முதல் பந்தியில் முதல் வாய் வைத்ததுமே சத்தம் வந்தது. உப்பு கரிக்கிறது. கொஞ்சநஞ்சமில்லை, வாயில் வைக்க முடியவில்லை என்றார்கள். நூற்றைம்பது பேரும் மோரும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுப் போனார்கள். பிரின்சிபால், எங்கள் சாரைக் கூப்பிட்டுக் கூடத்தின் நடுவிலேயே கேட்டுவிட்டார். சார் தலையைக் குனிந்து நின்றார். இருபத்திரண்டு வருஷம் கப்பலில் அலையடித்தபோதும் இப்படிக் குனிந்திருக்க மாட்டார்.

இன்றைய தப்பு என்ன என்று நாளைக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் 17, புதன்

விசாரணை. ஜெபக்கனி தானே எழுந்து சொன்னாள். “பருப்பு வேகும்போதே உப்பைக் கரைச்சு ஊத்திட்டேன் சார். எங்கப்பா கூடப் போற பழக்கம், கை தன்னால போயிட்டு. அக்காட்ட சொல்ல மறந்துட்டேன். அது என் தப்புதான்.”

சார் பதிவேட்டை விரித்தார். “ஒன்பதரைக்கு நீ போட்ட, பதினொண்ணுக்கு அக்கா போட்டாங்க. அப்ப பதினொன்றரைக்கே கரிச்சிருக்கணும்ல? அக்கா சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. இந்த அம்மா நாக்குக்குத் தெரியாம போகுமா? நீ கையெழுத்துக்கு அப்புறம் போட்டிருக்க. தூக்கிட்டுப் போகும்போது போட்டிருக்க.”

“சத்தியமா இல்ல சார்.”

“அக்கா, நீங்க ருசி பாத்தீங்களா?”

பார்த்தேன் சார் என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கரண்டியை வாயில் வைத்தது உண்மை.

செப்டம்பர் 18, வியாழன்

ஜெபக்கனியைக் கேன்டீன் பயிற்சிப் பட்டியலிலிருந்து எடுக்கப் போகிறார்கள். தப்புக்காக இல்லையாம், கையெழுத்துக்குப் பிறகு பாத்திரத்தைத் தொட்டதற்கும் அதை மறைத்ததற்குமாம். திங்கட்கிழமை பிரின்சிபாலிடம் பட்டியல் போகிறது. பயிற்சி இல்லையென்றால் சான்றிதழ் இல்லை, வேலையும் இல்லை. பையன்கள் அவளை உப்புக்காரி என்று கூப்பிடுகிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே போனாள். பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். கழுவ எந்தப் பாத்திரமும் இல்லை.

உப்புப் போட்டால் பருப்பு வேகாது. அடுப்பு பற்றவைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை பருப்பு ஒன்றேகால் மணி நேரம் வேகவில்லை என்று நானே முந்தின பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கடைக்காரனைத் திட்டி வேறு எழுதியிருக்கிறேன்.

அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

செப்டம்பர் 19, வெள்ளி

எழுதிவிடுகிறேன். யாரிடமும் காட்ட வேண்டாம் என்றுதானே சொன்னார்.

எனக்கு மணம் தெரியாது. ருசியும் தெரியாது. கொரோனா இரண்டாவது அலையில் காய்ச்சல் வந்தது, பத்து நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. திரும்ப வரும் வரும் என்றார்கள், நாலு வருஷமாயிற்று. உப்பு என்றால் நாக்கில் எங்கோ சுருக்கென்று ஏதோ தெரியும். ஒரு கல்லா ஒரு கைப்பிடியா என்று தெரியாது. முறுக்கு எனக்குப் பிடிக்கும், சத்தம் வருவதால். மெஸ்ஸை நிறுத்தியது காஸ் விலையால் இல்லை. மீன் கெட்டிருந்தது தெரியாமல் குழம்பு வைத்துவிட்டேன். நல்லவேளை, முதலில் சாப்பிட வந்தவர் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றைக்குப் பூட்டியதுதான்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. சமையல் ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பயமாக இருக்கிறது. நாளைக்கு சார் கல்லூரியில் இருப்பார்.

செப்டம்பர் 20, சனி

போனேன். சார் ஸ்டோர் ரூமில் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் விட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஜெபக்கனியும் இருந்தாள், மளிகை அடுக்க வந்திருந்தாள். நல்லதாகப் போயிற்று, இரண்டு தடவை சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

நம்பவில்லை! சார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். “உங்க நல்ல மனசு புரியுதும்மா. அந்தப் புள்ளையக் காப்பாத்த இப்படி ஒரு கதையா? நீங்க சொல்லித்தான ரசத்துல உப்பு கொறச்சோம்?”

“அது மூஞ்சியப் பாத்துச் சொல்லுறது சார்.”

“எந்த மூஞ்சி?”

“குடிக்கிறவங்க மூஞ்சி.”

அப்போதும் நம்பவில்லை. நாலு வருஷம் இதை மறைக்கப் பட்ட பாடு என்ன, இன்றைக்கு நிரூபிக்கப் பட்ட பாடு என்ன! கோபம் வந்துவிட்டது. “கண்ண மூடிக்கிடுதேன். எதையாவது கொண்டாந்து மூக்குக்கிட்ட வைங்க. என்னன்னு கேளுங்க” என்றேன்.

கண்ணை இறுக மூடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஏதோ டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பொறுமை போயிற்று.

“எப்ப சார் கொண்டு வருவீங்க?”

ஜெபக்கனி இருமுவது கேட்டது. கண்ணைத் திறந்தேன். சார் கையில் ஒரு சாளைக் கருவாடு, என் மூக்கு நுனியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஜெபக்கனி முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு கதவோரம் ஒதுங்கியிருந்தாள். கண்ணில் தண்ணீர். கருவாட்டினாலா வேறு எதனாலா தெரியவில்லை.

“ரெண்டு நிமிசமா வச்சிருக்கேன்மா” என்றார் சார்.

ஜெபக்கனிக்குத்தான் முதலில் வாய் வந்தது. நான் எதிர்பார்த்ததுதான். “நாலு நாளா என்ன உப்புக்காரிங்கானுவ. எங்கப்பாட்ட என்ன சொல்லன்னு தெரியாம வீட்டுல சோறு எறங்கல. ஒங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் பாத்தேன்னு சொன்னீய. ஒங்க பேரு கெட்டுரக்கூடாதுன்னு எம் பேரக் கெடுத்தீய.” கருவாட்டு டப்பாவைப் பட்டென்று மூடிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு வார்த்தையும் தப்பில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

சார் பதிவேட்டை எடுத்தார். என் கையெழுத்துக்கு நேரே என்னையே எழுதச் சொன்னார். ருசி தெரியாமல் கையெழுத்திட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். என்னைத்தான் பட்டியலிலிருந்து எடுப்பார் என்று நின்றேன்.

“ஜெபக்கனி பேரு லிஸ்ட்ல இருக்கும். அவ மேல தப்பில்லன்னு திங்கக்கெழமை வகுப்புல எல்லாரு முன்னாடியும் நீங்கதான் சொல்லணும்” என்றார். “ஒங்க பேர எடுக்கணுமா வேண்டாமாங்கறதப் பரீட்சைக்கு அப்புறம் பாப்போம். ஒரு கிச்சன்ல ஒரு ஆளுக்கு நாக்கு இல்லன்னா, ரெண்டு ஆள ருசி பாக்க வச்சுக்கலாம். இல்லன்னு தெரியாம இருந்தாத்தான்மா வம்பு.”

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் இல்லை. ரொம்ப நாள் தூக்கிச் சுமந்த சிலிண்டரைக் கீழே இறக்கி வைத்தால் தோள் வலிக்குமே, அந்த மாதிரி.

செப்டம்பர் 22, திங்கள்

சொல்லிவிட்டேன். என் மெஸ்ஸைப் புகழ்ந்த பையன் வாயைப் பிளந்தபடி இருந்தான். ஜெபக்கனி என் பக்கம் திரும்பவில்லை. வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

பதிவேட்டில் இன்று முதல் இரண்டு கட்டம். இரண்டு பேர் ருசி பார்க்க வேண்டும்.

வீட்டில் சொல்லவில்லை. நாலு வருஷமாகக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறவர்கள், அதைக் கெடுப்பானேன்.

அக்டோபர் 8, புதன்

பருப்பு வெந்ததா என்று விரலால் நசுக்கிப் பார்க்காமல், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்து, விழுகிற சத்தத்தில் சொன்னேன். கடுகு பொரிந்து அடங்குகிற சத்தத்தில் எண்ணெய்ச் சூடு சொன்னேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார் சார், நாலு டிகிரிதான் வித்தியாசம். “காதாலயே சமைப்பீங்க போல” என்றார். கேலிதான். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்றைய தப்பு: நாலு டிகிரி.

அக்டோபர் 27, திங்கள்

நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு. இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும். ஜோடியை நாமே சொல்லலாம் என்றார் சார். யாரும் என்னைச் சொல்ல மாட்டார்கள் என்று தெரியும். நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் அக்கா கூட” என்று ஒரு குரல். ஜெபக்கனி!

வெளியே வந்ததும், ஏன் என்று கேட்டேன்.

“எல்லாரும் உப்பு சரியா உப்பு சரியான்னு உயிர வாங்குவானுவ. நீங்க ஒருத்தருதான் நான் சொன்னா நம்பியாகணும். வேற வழியில்ல ஒங்களுக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு.

அக்டோபர் 29, புதன்

எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவியல், சேமியா பாயாசம். ஐம்பது பேருக்கு. நான் நிறுத்துக் கொடுத்தேன், அடுப்பையும் நேரத்தையும் பார்த்தேன். ஜெபக்கனி கிண்டினாள், ருசி பார்த்தாள். இரண்டாவது கட்டத்துக்குப் பக்கத்து ஜோடியிலிருந்து ஒருவர் வந்து ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவியலில் தயிர் புளித்துவிட்டது என்று அவள் சொன்னதும் தேங்காய் நூறு கிராம் கூட்டினோம். உப்பை இன்று யார் போடுவது என்று காலையிலேயே அட்டையில் எழுதி ஒட்டிவிட்டோம். ஒரு பெயர்தான்.

தேர்வாளராக மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பதிவேட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. டீம் லீடர் நீங்கதானே? நீங்க ருசி பாக்கலையா?”

ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனக்கு ருசி தெரியாது மேடம். மூக்கும் கிடையாது. அதனாலதான் ரெண்டு பேர வச்சிருக்கேன்” என்றேன்.

அந்த அம்மா பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு கரண்டி எடுத்து அவியலை ருசித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பழக்கதோஷம். புருவம் ஏறவில்லை. கன்னம் உள்ளே போகவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார்.

ஜெபக்கனி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

அக்டோபர் 31, வெள்ளி

பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். எட்டாவது பெயர் ஜெபக்கனி. ஒன்பதாவது நான். ஜனவரியில் கேன்டீன்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று நடந்ததை மெதுவாக எழுத வேண்டும், இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

ஊளிமீன் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். இறக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால், அடுக்களையில் அபிஷா. ஒரு கையில் சட்டி மூடி, இன்னொரு கையில் உப்பு டப்பா. அவளுக்குப் பின்னால் அவர். கையில் ஒரு டம்ளரில் புளித்தண்ணீர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். திருடனும் திருடனும் ஒரே வீட்டில் சந்தித்தால் எப்படி இருக்கும்!

“நீங்களுமாப்பா?” என்றாள் அபிஷா.

“நீயுமாட்டி?” என்றார் அவர்.

பிறகுதான் என்னைப் பார்த்தார்கள்.

நாலு வருஷம். நான் அந்தப் பக்கம் போனதும் மகள் வந்து ருசி பார்த்து உப்புப் போடுவாளாம். அவள் போனதும் அப்பா வந்து புளியோ தண்ணீரோ சேர்ப்பாராம். ஒருவருக்கொருவர் தெரியாது. தண்ணீர் குடிக்கப் போனதும், சட்டி தூக்கியதும் இதற்குத்தான். சில நாள் ஏன் எதுவுமே சரியாக வரவில்லை என்று இருவருக்கும் இப்போதுதான் விளங்குகிறது.

“எனக்கு எப்பம் தெரியும்னு நெனச்ச?” என்றார் அவர். “கொரோனா வந்த மாசமே தெரியும். கருவாடு தீயிறப்ப நீ பாட்டுக்கு கோலம் போட்டுட்டு இருந்த.”

“பெறகு ஏன் சொல்லல?”

“நீ சொல்லலையே மாரி. அது ஒன்னுதான் ஒனக்குப் பெருமை. அதப் போயி எப்படிச் சொல்ல?”

“ஆகஸ்டுக்கு அப்புறம் எனக்கு வேலையே இல்லம்மா” என்றாள் அபிஷா. “நீ தராசுல போட ஆரம்பிச்சதும் சரியா இருந்துச்சு. இன்னைக்குத்தான் மறுபடி.”

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நிறுக்காமல் கையால் போட்டிருந்தேன். அந்தப் பழைய சந்தோஷத்துக்காக.

மூன்று பேரும் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அபிஷா சிரித்துச் சிரித்து விக்கினாள். நாலு வருஷமாக நான் சமைத்தது என்று நினைத்தது மூன்று பேர் சமைத்த குழம்பு. எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். இல்லை. இவ்வளவு லேசாக நான் இருந்து எத்தனையோ காலம் ஆகிறது.

பிறகு கல்லூரியிலிருந்து கொண்டுவந்த வெற்றுத் தாளில் கட்டம் போட்டு, அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அபிஷா என் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து, ஊதிக் குடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எம்மா,” என்றாள், “உப்பு பத்தல.”

நாலு வருஷத்தில் என் வீட்டில் என்னிடம் ஒருவர் சொன்ன முதல் குறை. அவளைக் கட்டிக்கொண்டேன்.

இன்றைய தப்பு: மீன் குழம்பில் உப்பு பத்தவில்லை. போட்டது நான். ருசி பார்த்தவர்கள் அபிஷா, இசக்கிராஜா. கையெழுத்து இருவரும் போட்டாயிற்று.